தோட்டத்துச் சாளைக்கு இன்வெர்ட்டர் வாங்குமுன்



ஊரைவிட்டுத் தள்ளி, தோட்டத்திலேயே குடியிருக்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. கோயமுத்தூர், ஈரோடு பக்கம் அந்த வீட்டைச் சாளை என்பார்கள். தருமபுரி பக்கம் கொட்டாய் என்பார்கள். மலையடிவாரத்தில் காவல் குடிசை போட்டுக்கொண்டு, பயிர் அறுவடையாகும் வரைக்கும் அங்கேயே படுத்து எழுந்திருப்பவர்களும் உண்டு. பெயர் எதுவானாலும் கரண்டுக் கம்பம் எட்டாத இடம். ராத்திரி மாடு கத்தினால் எழுந்து போகிறோம், காலடியில் கிடப்பது கயிறா பாம்பா என்று தெரிவதில்லை. பிள்ளைகள் படிக்கவும் வெளிச்சம் வேண்டும்.

இப்போது சந்தை கூடும் ஊர்களில்கூட சூரியத் தகடும் பேட்டரியும் இன்வெர்ட்டரும் விற்கும் கடைகள் வந்துவிட்டன. கையில் பணம் வந்ததும் போய் வாங்கி வந்து மாட்டிவிடுகிறோம். முதல் வருஷம் ஜோராக ஓடும். இரண்டாம் வருஷம் ராத்திரி பத்து மணிக்கே ஃபேன் நின்றுவிடும். மூன்றாம் வருஷம் பேட்டரியை எடைக்குப் போட வேண்டியதுதான். கடைக்காரரைத் திட்டுவோம், கம்பெனியைத் திட்டுவோம். பெரும்பாலும் காரணம் என்னவென்று பார்த்தால், வாங்கிய வரிசை தலைகீழாக இருக்கும். முதலில் இன்வெர்ட்டரைப் பிடித்து, அதற்கு ஒரு பேட்டரி, மிச்சப் பணத்துக்கு ஒரு தகடு என்று வாங்கியிருப்போம். ராத்திரிக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்ற கணக்கு முதலில் வரவேண்டும். அதற்கேற்ற பேட்டரி, அந்தப் பேட்டரியைத் தினமும் நிரப்புகிற தகடு, எல்லாவற்றுக்கும் கடைசியாக இன்வெர்ட்டர். சில சாளைகளுக்கு அந்த இன்வெர்ட்டரே தேவையில்லாமலும் போகலாம். அதைத்தான் இன்று கொஞ்சம் விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. கம்பம் ஒன்றிரண்டு நட்டால் வீட்டு லைன் வந்துவிடும் என்கிற தூரத்தில் உங்கள் சாளை இருந்தால், இந்தப் பேச்சையெல்லாம் ஒதுக்கிவிட்டு மின்வாரிய ஆபீசில் போய் மனுக் கொடுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லை என்பது தமிழ்நாட்டில் 2016-ஆம் ஆண்டு ஏற்பட்டது. ஒரு சின்னச் சாளைக்கு இரண்டு மாதத்துக்கு 50 யூனிட்டுக்கு மேல் ஆவது அபூர்வம். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலையும் மிச்சம். லைன் வரவே வராது, அல்லது கம்பச் செலவு தாங்காது என்பவர்களுக்குத்தான் இந்தப் பேச்சு.

கணக்குப் போடுவோம்

வாட் என்றும் வாட்-மணி என்றும் இரண்டு சொல் வரும். குழப்பிக்கொள்ள வேண்டாம். வாய்க்காலில் தண்ணீர் பாய்கிற வேகம் மாதிரி வாட். தொட்டியில் சேர்ந்த தண்ணீர் மாதிரி வாட்-மணி. 9 வாட் பல்பு 5 மணி நேரம் எரிந்தால் 45 வாட்-மணி. ஆயிரம் வாட்-மணி சேர்ந்தால் அதுதான் நாம் யூனிட் என்கிறோமே, அது ஒன்று.

ஒரு சாளையை எடுத்துக்கொள்வோம். உள்ளே மூன்று எல்.இ.டி. பல்பு, ஒவ்வொன்றும் 9 வாட், 5 மணி நேரம்: 135 வாட்-மணி. மாட்டுக் கொட்டகைப் பக்கம் 7 வாட் பல்பு ஒன்று ராத்திரி முழுக்க, 12 மணி நேரம்: 84. ஒரு சீலிங் ஃபேன் 10 மணி நேரம். இங்கேதான் நிற்க வேண்டும். பழைய மாதிரி ஃபேன் 70 வாட் தின்னும். பத்து மணி நேரத்துக்கு 700 ஆகிறது. பி.எல்.டி.சி. ஃபேன் என்று இப்போது வருகிறது; 30 வாட்டில் அதே காற்று. பத்து மணி நேரத்துக்கு 300 போதும். சின்ன டி.வி. 35 வாட், 3 மணி நேரம்: 105. செல்போன் இரண்டுக்கு 30. எல்லாம் கூட்டினால் 654 வாட்-மணி. பழைய ஃபேனாக இருந்தால் 1054.

பார்த்தீர்களா, ஒரே ஒரு ஃபேனில் 400 வாட்-மணி வித்தியாசம். புது ஃபேனுக்குக் கூடுதலாகக் கொடுக்கிற பணம், அந்த 400-ஐச் சுமக்க வாங்கும் பேட்டரிக்கும் தகடுக்கும் கொடுப்பதைவிட எவ்வளவோ குறைவு. ஆகவே கடைக்குப் போனால் முதலில் ஃபேனை வாங்குங்கள். கடைக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். "அண்ணே, இது நாலு மணி நேரம் பேக்கப் வரும்" என்று கடையில் சொல்வார்கள். எத்தனை வாட் போட்டால் நாலு மணி நேரம் என்று கேட்டால் பதில் சுலபமாக வராது. உங்கள் கையில் 654 என்கிற எண் இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.

சும்மா இருந்தாலும் தீனி தின்னும்

பேட்டரியில் இருப்பது நேர் மின்சாரம், 12 வோல்ட். வீட்டுச் சாமான்கள் கேட்பது 230 வோல்ட் மாறு மின்சாரம். ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தருவதுதான் இன்வெர்ட்டரின் வேலை. மாற்றும்போது கொஞ்சம் சேதாரம் உண்டு, நெல்லைக் குத்தினால் தவிடு போகிற மாதிரி. நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை போகும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

தெரியாத விஷயம் இன்னொன்று. ஒரு பல்புகூட எரியாமல், ஃபேன் ஓடாமல் இருக்கும்போதும், சுவிட்ச் போட்டு வைத்த இன்வெர்ட்டர் தனக்கென்று கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கொண்டே இருக்கும். உழவு இல்லாத நாளிலும் மாட்டுக்குத் தீனி போட்டாகணுமே, அதுபோல. 1000 வி.ஏ. அளவுள்ள இன்வெர்ட்டர் சும்மா நிற்பதற்கு 10 முதல் 20 வாட் வரை தின்பது சகஜம். நடுவாக 15 வாட் என்று வையுங்கள். 24 மணி நேரத்துக்கு 360 வாட்-மணி. நம்ம சாளையில் மூன்று பல்பும் எரிந்து தின்பது 135. சும்மா நிற்கிற பெட்டி தின்பது 360!

ஊரில், லைன் இருக்கிற வீட்டில் இது தெரியாது. கரண்டு போகிற ஒரு மணி நேரம் ஓடும். கரண்டு வந்ததும் பேட்டரி நிரம்பிவிடும். கம்பம் இல்லாத சாளையில் ஒவ்வொரு வாட்-மணியும் வெயிலில் இருந்து வரவேண்டும். ஆகவே பெரிய இன்வெர்ட்டர் வாங்கினால் பெருமை, பேட்டரிக்குத்தான் சிறுமை.

அப்படியானால் என்ன செய்வது? 12 வோல்ட்டிலேயே எரிகிற பல்பும், 12 வோல்ட்டிலேயே சுற்றுகிற ஃபேனும் கடைகளில் கிடைக்கின்றன. சோலார் ஃபேன், டி.சி. பல்பு என்று கேளுங்கள். இவற்றுக்கு இன்வெர்ட்டர் வேண்டாம். சார்ஜ் கன்ட்ரோலரிலிருந்து நேராக இணைப்பு. டி.வி. பார்க்கிற மூன்று மணி நேரத்துக்கு மட்டும் ஒரு சின்ன இன்வெர்ட்டரைப் போட்டு, பார்த்து முடித்ததும் அணைத்துவிடலாம். நம் உதாரணத்தில், எல்லாவற்றையும் இன்வெர்ட்டர் வழியாக ராத்திரி முழுக்க ஓட்டினால் சேதாரமும் தீனியும் சேர்ந்து 900 வாட்-மணி ஆகிறது. 12 வோல்ட் வழியில் போனால் 675-க்குள் முடிகிறது. நாலில் ஒரு பங்கு மிச்சம்.

ஆனால் இந்த வழி எல்லோருக்கும் ஒத்து வராது. 12 வோல்ட் மின்சாரத்துக்கு ஓட்டம் அதிகம், ஒயரில் சேதாரம் ஜாஸ்தி. சாளையிலிருந்து 30 மீட்டர் தள்ளி மாட்டுக் கொட்டகை இருக்கிறது, அங்கே 9 வாட் பல்பு ஒன்று என்றால் 2.5 ஸ்கொயர் ஒயர் போட்டால் பரவாயில்லை. கால் வோல்ட்டுக்கும் சற்று கூடுதலாகத்தான் குறையும். அதே தூரத்தில் ஃபேனும் நாலு பல்பும் என்றால் ஒயருக்கே பணம் போய்விடும். வீடு சின்னது, எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் என்றால் 12 வோல்ட். பரந்து கிடக்கிறது என்றால் இன்வெர்ட்டர். இன்னொன்று: வீட்டு கரண்டுக்குப் போடுகிற சாதாரண சுவிட்ச், நேர் மின்சாரத்தில் பொறி பறந்து சீக்கிரம் கருகும். டி.சி. சுவிட்ச் என்று கேட்டு வாங்க வேண்டும்.

பேட்டரியில் பாதிதான் நமக்கு

பேட்டரியின் மேல் 12 வோல்ட் 150 ஏ.எச். என்று எழுதியிருக்கும். இரண்டையும் பெருக்கினால் 1800 வாட்-மணி. இவ்வளவும் நமக்கு என்று நினைத்துவிடக் கூடாது. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் இறங்கும். கிணற்றில் சேறு கலங்கும் வரைக்கும் இறைத்தால் ஊற்று அடைபடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே 1800-ல் நமக்கு 900. நம் சாளையில் எல்லாம் இன்வெர்ட்டர் வழி என்றால் ஒரு ராத்திரிக்கு ஒரு பேட்டரி, கணக்கு நேருக்கு நேர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரண்டு நாள் வெயிலே இல்லாவிட்டால் என்ன ஆகும்? அப்போதுதான் பேட்டரி சாகிறது. அந்த மாதங்களை நினைத்தால் இரண்டு பேட்டரி வேண்டும். அல்லது செலவைக் குறைக்க வேண்டும்.

"வீட்டில் பழைய டிராக்டர் பேட்டரி சும்மா கிடக்கிறது, அதை வைத்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. டிராக்டர் பேட்டரி, என்ஜினைக் கிளப்ப ஒரு நொடி பெரும் பலம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்படி செய்தது. உள்ளே தகடுகள் மெல்லியவை. ராத்திரி முழுக்க மெதுவாக இறக்கினால் சில மாதங்களில் கெட்டுவிடும். நமக்கு வேண்டியது டியூபுலர் பேட்டரி. அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 150 ஏ.எச். என்பதன் பக்கத்தில் சி-10 அல்லது சி-20 என்று போட்டிருக்கும். 10 மணி நேரத்தில் இறக்கினாலும் 150 தரும் என்பது சி-10. 20 மணி நேரம் மெதுவாக இறக்கினால்தான் 150 என்பது சி-20. சூரியத் தகடு வேலைக்கு சி-10 பேட்டரிதான் ஏற்றது. இரண்டும் ஒரே விலை என்று யாராவது சொன்னால் அட்டையை வாங்கிப் படித்துப் பாருங்கள்.

பேட்டரி தயாரான மாதத்தையும் பாருங்கள். கடையில் ஆறேழு மாதம் சார்ஜ் ஏற்றாமல் கிடந்த பேட்டரி பாதி பலம் இழந்திருக்கும். வாரண்டி அட்டையில் விற்ற தேதியும் கடை முத்திரையும் போட்டு வாங்காமல் வண்டியில் ஏற்ற வேண்டாம்.

லித்தியம் பேட்டரி பற்றியும் சொல்ல வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்கிற வகைதான் வீட்டுக்கு ஏற்றது. 12.8 வோல்ட் 100 ஏ.எச். லித்தியம் என்றால் 1280 வாட்-மணி. அதில் ஆயிரத்துக்கு மேல் தாராளமாக எடுக்கலாம். அதாவது 150 ஏ.எச். டியூபுலர் செய்கிற வேலையை இது செய்துவிடும். தண்ணீர் ஊற்ற வேண்டாம், அமிலம் இல்லை. டியூபுலரைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். இதை ஒருவர் ஒரு கையில் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்துவிடலாம். விலைதான் கூடுதல். கடையில் இரண்டு விலையையும் கேட்டுக்கொண்டு இப்படி வகுத்துப் பாருங்கள்: டியூபுலர், நன்றாகப் பார்த்துக்கொண்டால், தினம் 0.9 யூனிட் வீதம் சுமார் 1500 ராத்திரி. மொத்தம் 1350 யூனிட். லித்தியம் தினம் 1 யூனிட் வீதம் 3000 ராத்திரி என்று வைத்தால் 3000 யூனிட். விலை இரண்டு மடங்கானாலும் லித்தியம் நஷ்டமில்லை. ஆனால் ஒரே தவணையில் அவ்வளவு பணம் புரட்ட முடியுமா என்பது அவரவர் வீட்டு நிலைமை. டியூபுலர் வாங்குவது தப்பில்லை. தண்ணீர் பார்க்க ஒருவர் வீட்டில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். லித்தியம் வாங்கினால், சார்ஜ் கன்ட்ரோலரும் இன்வெர்ட்டரும் லித்தியத்துக்கு ஏற்றபடி மாற்றி வைக்கக்கூடியவையா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். டியூபுலருக்கு வைத்த அளவிலேயே லித்தியத்தை ஏற்றக் கூடாது.

தகடும் தென்னை நிழலும்

நம் மாநிலத்து வெயிலுக்கு 100 வாட் தகடு நல்ல நாளில் சுமார் 400 வாட்-மணி தரும். பேட்டரிக்குள் போய் வெளியே வருவதில் சேதாரம் போக 300 கைக்கு வரும் என்று வையுங்கள். 900 வேண்டுமென்றால் 300 வாட் தகடு. மழைக்காலத்தை நினைத்து 400 வைத்தால் நல்லது. இன்னொரு வழியிலும் சரி பார்க்கலாம். டியூபுலர் பேட்டரிக்கு அதன் ஏ.எச்.-ல் பத்தில் ஒரு பங்கு ஆம்பியராவது ஏற வேண்டும். 150-க்கு 15 ஆம்பியர், அதற்கு 210 வாட் தகடு. இதற்குக் குறைந்த தகடு வைத்தால் பேட்டரி ஒருநாளும் முழுக்க நிரம்பாது. அரைவயிற்றுச் சாப்பாட்டில் வேலை வாங்குகிற கதை. காசு போதவில்லை என்று தகட்டைக் குறைப்பவர்களே அதிகம். குறைப்பதானால் டி.வி.யைக் குறையுங்கள், தகட்டைக் குறைக்காதீர்கள்.

தகடு தெற்குப் பார்த்து, 10 முதல் 15 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். மழை பெய்தால் தூசி தானே வழிந்து போகும். நிழல் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். தகட்டின் மேல் ஒரு தென்னங்கீற்று நிழல் ஒரு மூலையில் விழுந்தாலே போதும், மொத்த உற்பத்தியும் பாதியாகலாம். உள்ளே சில்லுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பதால், ஒன்று அடைபட்டால் வாய்க்கால் அடைபட்ட மாதிரி. தென்னை மரத்தடியில் வைக்காதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை; நிழல் ஒருபக்கம், தேங்காய் ஒருபக்கம். மயில் எச்சம், புழுதி இவற்றை வாரம் ஒருமுறை காலை வெயில் ஏறுமுன் தண்ணீர் விட்டுத் துடையுங்கள். உச்சி வெயிலில் சுட்டுக் கிடக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

சார்ஜ் கன்ட்ரோலர் என்ற சின்னப் பெட்டி தகடுக்கும் பேட்டரிக்கும் நடுவில் வரும். இதில் பி.டபிள்யூ.எம்., எம்.பி.பி.டி. என்று இரண்டு வகை. பலபேர் ஏமாறுகிற இடம் இதுதான். 330 வாட் பெரிய தகடு சுமார் 37 வோல்ட்டில் 9 ஆம்பியர் தருவது. அதை மலிவான பி.டபிள்யூ.எம். பெட்டி வழியாக 12 வோல்ட் பேட்டரியில் இணைத்தால், அந்த 9 ஆம்பியர்தான் ஏறும். வோல்ட் 13 ஆகக் குறைந்துவிடும். 9-ஐ 13-ஆல் பெருக்கினால் 117 வாட். 330 வாட்டுக்குப் பணம் கொடுத்து 117 வாட் வாங்கினோம்! எம்.பி.பி.டி. பெட்டி வைத்தால் கூடுதல் வோல்ட்டை ஆம்பியராக மாற்றி ஏற்றும். இல்லையென்றால் 12 வோல்ட் பேட்டரிக்கென்றே வருகிற சிறிய தகடுகளை வாங்கினால் பி.டபிள்யூ.எம். போதும். தகடும் பெட்டியும் ஜோடி பொருந்த வேண்டும், நுகத்தடிக்கு மாடு பொருந்துகிற மாதிரி.

இன்வெர்ட்டர் எத்தனை பெரியது?

சரி, இன்வெர்ட்டர் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. ஒரே நேரத்தில் ஓடுகிறவற்றின் வாட்டை மட்டும் கூட்டுங்கள். பல்பு, ஃபேன், டி.வி., செல்போன் எல்லாம் சேர்ந்தே நம் உதாரணத்தில் 120 வாட்தான். 300 வாட் இன்வெர்ட்டர் தாராளம். கடையில் 1100 வி.ஏ. எடுத்துக் காட்டுவார்கள். வி.ஏ. வேறு, வாட் வேறு. 850 வி.ஏ. என்று எழுதியிருந்தால் உண்மையில் 600 முதல் 700 வாட்தான் தாங்கும். வாட் கணக்கு எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

மிக்ஸி வேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள். நியாயம்தான். 500 வாட் மிக்ஸியை ஐந்து நிமிஷம் ஓட்டினால் ஆகிற செலவு 42 வாட்-மணி, ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த ஐந்து நிமிஷத்துக்காக ஆயிரம் வாட் இன்வெர்ட்டர் வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மோட்டார் கிளம்பும்போது ஓடுகிற வாட்டைப் போல் பல மடங்கு இழுக்கும். செலவு சின்னது, பெட்டி பெரியது. இதற்கு வழி, பல்பும் ஃபேனும் 12 வோல்ட்டில் ஓடட்டும். பெரிய இன்வெர்ட்டர் மிக்ஸிக்காக மட்டும் சுவிட்ச் போட்டு அணைக்கட்டும். ஃபிரிட்ஜ் என்றால் இந்தத் தந்திரம் செல்லாது; இன்வெர்ட்டர் இரவு பகல் ஓட வேண்டும், பேட்டரியும் தகடும் இரண்டு மடங்கு ஆகும். இஸ்திரிப் பெட்டி, கரண்டு அடுப்பு, வாட்டர் ஹீட்டர் பேச்சையே எடுக்க வேண்டாம். கிணற்று மோட்டாரையும் இதில் ஓட்ட நினைக்காதீர்கள். ஒரு குதிரைசக்தி 746 வாட். கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு. சூரிய பம்புசெட் பேட்டரியில்லாமல் பகலில் ஓடுகிற தனி ஏற்பாடு. அதை வேளாண்மைப் பொறியியல் துறை ஆபீசில் விசாரியுங்கள்.

இன்வெர்ட்டர் சைன் வேவ் என்று எழுதியதாக இருக்கட்டும். மலிவான சதுர அலைப் பெட்டியில் ஃபேன் உறுமும், சூடாகும். ஊர் வீடுகளில் கரண்டு போனால் ஓடுகிற சாதாரண இன்வெர்ட்டர், லைனிலிருந்து சார்ஜ் ஏற்றிக்கொள்ளும்படி செய்தது. தகட்டை அதில் நேராக மாட்ட வழியிராது. சோலார் இன்வெர்ட்டர் என்று கேட்டு, பேட்டரி எத்தனை வோல்ட்டுக்கு இறங்கினால் தானே நின்றுவிடும் என்றும் கேளுங்கள். பல பெட்டிகள் 10.5 வோல்ட் வரை விட்டுவிடும். அது பேட்டரியை உறிஞ்சிக் காயப்போடுகிற அளவு. கூட்டி வைக்க முடிகிற பெட்டி நல்லது. பெட்டியை மாட்டியதும், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இன்வெர்ட்டரை மட்டும் போட்டு, சும்மா எவ்வளவு ஆம்பியர் எடுக்கிறது என்று கிளாம்ப் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 12 வோல்ட்டில் ஒரு ஆம்பியருக்குள் இருந்தால் சரி.

ஆபத்துக்கள்

டியூபுலர் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். நெருப்புப் பட்டால் வெடிக்கும். சாளை ஒரே அறைதான் என்றால் படுக்கிற இடத்தில் பேட்டரி வைக்காதீர்கள். காற்றோட்டமுள்ள திண்ணையில், குழந்தை கை எட்டாத அடைப்பில், மரப்பலகை மேல் வையுங்கள். பக்கத்தில் பீடி, விளக்கு கூடாது. பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்குப் போகிற கேபிள் தடிமனாக, ஒரு மீட்டர் ஒன்றரை மீட்டருக்குள் இருக்கட்டும். பேட்டரியின் நேர்முனைப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் அவசியம். 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே என்று அலட்சியம் செய்கிறார்கள். ஷாக் அடிக்காது, ஆனால் ஸ்பேனர் இரண்டு முனையிலும் பட்டால் பழுக்கக் காய்ந்துவிடும், கூரையும் தீப்பிடிக்கும். எலி கடிக்காமல் ஒயரைக் குழாயில் விடுங்கள். பல்லி புகாமல் இன்வெர்ட்டர் ஓட்டைகளுக்குச் சல்லடை வலை கட்டினாலும் காற்று போகிற மாதிரி விடுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. காட்டுப்பன்றித் தொல்லை தாங்காமல் இன்வெர்ட்டர் கரண்டைக் கம்பி வேலியில் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவு செய்து செய்யாதீர்கள். இன்வெர்ட்டரிலிருந்து வருவதும் 230 வோல்ட்தான். பேட்டரியிலிருந்து வருவதாலே அது சாதுவாகிவிடாது. விடியற்காலை வேலிப்பக்கம் போகிற நம் வீட்டு ஆள்தான் முதலில் விழுவார். 2023 மார்ச் மாதம் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம், சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் மூன்று பெண் யானைகள் செத்தன. குட்டிகள் இரண்டு தாயில்லாமல் நின்றன. அந்த ஆண்டே மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்தும் விதிகளை அரசு கொண்டுவந்தது. சூரிய வேலிக்கென்று உள்ள கருவி வேறு. அது 12 வோல்ட் பேட்டரியில் ஓடி, சுமார் நொடிக்கு ஒருமுறை கண்சிமிட்டும் நேரத்துக்கும் குறைவாக ஒரு தட்டுத் தட்டும், விரட்டும், கொல்லாது. அதையும் அனுமதி பெற்றே போட வேண்டும்.

பேட்டரித் தண்ணீருக்கு வருவோம். மாதம் ஒருமுறை, கோடையில் இருபது நாளுக்கு ஒருமுறை, மட்டம் பாருங்கள். கடையில் விற்கும் டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே. போர்த் தண்ணீரின் உப்பு பேட்டரிக்கு விஷம். அமிலத்தை ஒருபோதும் ஊற்ற வேண்டாம். ஆவியாகிப் போனது தண்ணீர்தான், அமிலம் உள்ளேயே இருக்கிறது. முனைகளில் பச்சை பூத்தால் வெந்நீர் விட்டுத் துடைத்து, வாசலின் தடவுங்கள். ஹைட்ரோமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் நல்லது. மாலையில் தகடு ஓய்ந்ததும் பார்த்தால், டியூபுலரில் 1240, 1250 காட்ட வேண்டும். நாள் தவறாமல் 1200-க்குக் கீழே நின்றால் தகடு போதவில்லை, அல்லது செலவு கூடிவிட்டது.

பேட்டரி செத்தபின் அதை உடைத்து ஈயத்தை வீட்டுப்பக்கம் உருக்குகிறவர்களிடம் கொடுக்காதீர்கள். அந்தப் புகை குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும், மண்ணையும் கெடுக்கும். 2022-ஆம் ஆண்டு வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்பப் பெறும் பொறுப்பு தயாரித்தவருக்கு உண்டு. புதுப் பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, அதற்கான தொகையைப் பில்லில் கழிக்கச் சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் இரண்டாம் நாளும் வெயில் வரவில்லையா, அன்று டி.வி. வேண்டாம், ஃபேனும் ஒரு வேகம் குறைத்து ஓடட்டும். கொட்டகை விளக்கு மட்டும் விடியும் வரை எரியட்டும். மூன்றாம் நாள் பேட்டரியில் வோல்ட் மீட்டர் வைத்து, எல்லாம் அணைந்திருக்கும்போது 12.2-க்குக் கீழே காட்டினால், வெயில் வரும் வரைக்கும் டார்ச் லைட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.